பாடகர் எப்போது வருவார்? ராக் வாத்திய இசையைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘ஜெசிகா’வை ஒருநாள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு. எப்ப பாட ஆரம்பிப்பாங்க?” என்றார். பாட மாட்டார்கள், இவ்வளவுதான் என்றேன். “ஓ, பாட்டெழுத ஆள் கிடைக்கலையாக்கும்” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

இதே அம்மா, கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் அரை மணி நேரம் தோடியை இழைத்துக்கொண்டிருந்தாலும் பாட்டு எங்கே என்று கேட்டதில்லை. இளையராஜா பாட்டுகளின் இடையிசையை வயலின் பகுதி, புல்லாங்குழல் பகுதி என்று பிரித்து வாயாலேயே வாசித்துக் காட்டுவார். வார்த்தை இல்லாத இசை அவருக்குப் புதிதல்ல. ராக் என்றால் மட்டும் நடுவில் மைக் முன்னால் ஒருவர் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பில் தப்பும் இல்லை. ராக் பேண்டின் அமைப்பே அப்படித்தான். பாடகர் நடுவில், மற்றவர்கள் சுற்றி.

அவரை எடுத்துவிட்டால் மேடையில் ஓர் இடம் காலியாகிறது. அந்த இடத்தில் யார் வந்து உட்காருகிறார், எது வந்து உட்காருகிறது என்று கவனிப்பதுதான் ராக் இன்ஸ்ட்ருமென்டல் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி. பாடகர் குரலை நீக்கிய கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாருங்கள். காலி நாற்காலி பளிச்சென்று தெரியும். நல்ல வாத்தியப் பாட்டில் அது தெரியவே தெரியாது. கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், சமயத்தில் கீபோர்டு, நடுவில் எங்காவது ஒரு கூச்சல். பாட்டு முடிந்த பிறகுதான் யாரும் பாடவில்லை என்பதே உறைக்கும்.

முதலில் 1958க்குப் போவோம். அமெரிக்காவில் லிங்க் ரே என்ற கிட்டார்காரர். ராணுவத்தில் இருந்தபோது காசநோய் வந்து ஒரு நுரையீரலை இழந்தவர். மூச்சுப் பிடித்துப் பாடுவது அவருக்குச் சிரமம், அதனால் கிட்டாரையே பிரதானமாக்கிக்கொண்டார். வர்ஜீனியாவில் ஒரு நடன நிகழ்ச்சியில், அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஸ்ட்ரோல் என்ற ஆட்டத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். அந்த மாதிரிப் பாட்டு அவர்களிடம் இல்லை. அங்கேயே ஒன்றைக் கட்டினார்கள். கூட்டம் விடாமல் திரும்பத் திரும்ப அதையே கேட்டது. அதுதான் ‘ரம்பிள்’.

ரெக்கார்டிங்கில் ஒரு சிக்கல் வந்தது. மேடையில் முரட்டுத்தனமாகக் கேட்ட கிட்டார், ஸ்டுடியோவில் குளித்துத் தலைசீவிக்கொண்டு வந்ததுபோலச் சுத்தமாக ஒலித்தது. லிங்க் ரே பென்சிலை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டைகள் போட்டார். கரகரப்பு வந்துவிட்டது. பாட்டு வெளியானதும் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. ‘ரம்பிள்’ என்றால் அன்றைய தெருப்பேச்சில் கும்பல் சண்டை. இளவட்டங்களை இது உசுப்பிவிடும் என்று பயம். ஒரு வார்த்தைகூட இல்லாத பாட்டுக்குத் தடை! தலைப்பில் பாதிக் காரணம் இருந்தால், ஒலியில் மீதிப் பாதி.

இந்தக் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். ஆடி மாதம் அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரில் சவுண்டை முழுக்க ஏற்றும்போது குரல் கிழிந்து வருமே, கொள்கையளவில் அதேதான். கருவியால் தாங்க முடியாத அளவுக்கு ஒலியை ஏற்றும்போது ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அப்போது முதலில் இல்லாத மேல்சுரங்கள் பல புதிதாக முளைக்கின்றன. சாதாரணமாகச் சீக்கிரம் மங்கிவிடும் கிட்டார் தந்தியின் ஒலி, தடித்து நீண்டு நிற்கிறது. கோயில் ஸ்பீக்கரில் அது கோளாறு. ராக் கிட்டாரில் அது ஒரு குரல்வளை.

இதோடு சேர்த்து ‘பவர் கார்டு’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்வது நல்லது. பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைத்தால் அது கார்டு. பொதுவாக மூன்று சுரம்: சட்ஜமம், காந்தாரம், பஞ்சமம். அந்தர காந்தாரம் வைத்தால் மேஜர், தெளிச்சியான முகம். சாதாரண காந்தாரம் வைத்தால் மைனர், கொஞ்சம் வாடிய முகம். டிஸ்டார்ஷனைப் போட்டு மூன்றையும் ஒன்றாக மீட்டினால் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கூழாகிவிடும். அதனால் ராக்கில் காந்தாரத்தைத் தூக்கிவிட்டு ச, ப இரண்டை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய பழக்கமானது. நம் தம்புராவும் சுருதிப்பெட்டியும் பொழுதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே ச-ப. கச்சேரியில் பின்னால் இருந்து தாங்குகிற சங்கதி இங்கே முன்னால் வந்து இடிக்கிறது.

லிங்க் ரேயின் பாட்டில் காலி நாற்காலியில் உட்கார்ந்தது ஒலியின் குணம். மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் எல்லாராலும் இப்படிச் செய்ய முடியாது. காரணம், வாத்தியப் பாட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு.

ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரணத்துக்கும் பெரும்பாலும் ஒரே மெட்டு. நமக்குச் சலிப்பதில்லை, ஏனென்றால் இரண்டாவது சரணத்தில் வார்த்தை புதிது. கவிஞர் காப்பாற்றிவிடுகிறார். வாத்தியப் பாட்டில் அதே மெட்டு அப்படியே திரும்பி வந்தால் கேட்பவன் கை அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். அதனால் இசைக் கலைஞர்கள் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். மெட்டை வேறு இடத்தில் வைக்கலாம், ஒலியை மாற்றலாம், தாளத்தை அடக்கி எழுப்பலாம்.

இதைப் பாடப்புத்தகம்போலச் செய்துகாட்டியது ‘அப்பாச்சி’. வாசித்தவர்கள் இங்கிலாந்தின் தி ஷேடோஸ், ஆண்டு 1960, எழுதியவர் ஜெர்ரி லார்டன். ஹாங்க் மார்வினின் கிட்டார் பாடுகிற மெட்டு எளிமையானது, ஒரு தடவை கேட்டால் மனதில் தங்கிவிடும். எதிரொலிக் கருவி வழியாக வருவதால் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு நிழல் விழுகிறது. இடையிடையே கிட்டார் ஒதுங்கி ட்ரம்ஸை முன்னால் விடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஷேடோஸ் என்பது பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பக்கவாத்தியக் குழு. நம் லக்னோவில் பிறந்த அதே கிளிஃப் ரிச்சர்ட்தான். பிரிட்டிஷ் பட்டியலில் அவருடைய பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தது ‘அப்பாச்சி’, அதுவும் ஐந்து வாரம். அந்த ரெக்கார்டிங்கில் கிளிஃபும் இருந்தார், தொடக்கத்தில் கேட்கும் ட்ரம்மைத் தட்டிக்கொண்டு.

அடுத்தது நம் காதுக்கு நெருக்கமான ஒன்று. டிக் டேல், 1962, ‘மிசிர்லூ’. கடல் அலைச் சறுக்கு விளையாட்டோடு சேர்த்துப் பேசப்படும் கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசையில் இதுதான் தலைமகன். இதன் வேர் கலிஃபோர்னியாவில் இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய பாட்டு இது, பெயருக்கு எகிப்தியப் பெண் என்று பொருள். டிக் டேலின் அப்பா லெபனான்காரர், வீட்டில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் கேட்டு வளர்ந்தவர் டேல். ஒற்றைத் தந்தியில் ஒரு முழுப் பாட்டை வாசிக்க முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டபோது இந்தப் பாட்டு நினைவுக்கு வந்ததாம். அதை எடுத்து, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, தந்தியை இடைவிடாமல் படபடவென்று மீட்டி வாசித்தார். கிட்டார், ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்கள் இவர் கையில் வரிசையாகப் புகைந்துபோயின. இவருக்காகவே பெரிதாக ஒன்றைச் செய்ய வேண்டி வந்தது.

சுரங்களைக் கவனியுங்கள்: ச ரி₁ க₃ ம₁ ப த₁ நி₃. ஆம், மாயாமாளவகௌளையின் சுரங்கள். பாட்டு கிளாஸுக்கு முதல் நாள் போன ஒவ்வொரு குழந்தையும் சரளி வரிசையில் பாடிய அதே ஏணி. ராகம் என்று சொல்லமாட்டேன், பிடிகளும் கமகமும் வேறு. ஆனால் முதல் தடவை கேட்டபோது எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதே என்று நான் ஏன் முழித்தேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

அதே 1962இல் மெம்ஃபிஸ் நகரில் இன்னொரு விஷயம் நடந்தது. ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒரு பாடகரின் ரெக்கார்டிங்குக்கு வந்த வாத்தியக்காரர்கள், நேரம் மிஞ்சியதால் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு வயது 17. அப்படிப் பிறந்ததுதான் ‘கிரீன் ஆனியன்ஸ்’. முதலில் இதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். முன்பக்கத்துப் பாட்டின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ‘ரிஃப்’ என்ற சொல் தேவைப்படுகிறது. திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டுதான் ரிஃப். பல்லவியின் எடுப்பு மாதிரி, ஆனால் அதைவிடக் குட்டி. ‘கிரீன் ஆனியன்ஸ்’ முழுவதும் ஒரே ரிஃபின் மேல் நடக்கிறது, பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள அளவு கொண்ட ப்ளூஸ் சுற்று ஆவர்த்தனம்போலத் திரும்பத் திரும்ப வருகிறது. யாரும் வித்தை காட்டுவதில்லை. ஸ்டீவ் கிராப்பரின் கிட்டார் குறுக்கே வந்து நறுக்கென்று நாலு சுரத்தைக் கடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அல் ஜாக்சனின் ட்ரம்ஸ் ஒரு மயிரிழை பிசகாமல் நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நடை, அதாவது க்ரூவ். தெருமுனையில் ஒருவன் அவசரமே இல்லாமல் நடந்துவருவதைப் பார்ப்பதுபோல. ராக் வாத்திய இசையை முதல்முறை கேட்பவருக்கு நான் போட்டுக்காட்டுவது இதைத்தான். மூன்று நிமிடம்கூட இல்லை, பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

போகிற போக்கில் ‘டெல்ஸ்டார்’. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்று 1962 ஜூலையில் மேலே போனதைப் பார்த்து, லண்டனில் தோல்பொருள் கடை ஒன்றின் மாடி வீட்டையே ஸ்டுடியோவாக வைத்திருந்த ஜோ மீக் எழுதி ரெக்கார்ட் செய்தது, வாசித்தவர்கள் தி டொர்னேடோஸ். அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு இவர்கள். மெட்டை ஏந்தும் விசித்திரமான கீபோர்டின் பெயர் கிளாவியோலின். ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி ஒலி 1954இல் வந்ததும் இதே வாத்தியத்திலிருந்துதான், வாசித்தவர் கல்யாண்ஜி. இங்கே பாம்பு ஆடியது, அங்கே செயற்கைக்கோள் சுற்றியது.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படும் ஆளுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் கிட்டார்காரர் ஜெஃப் பெக். 1975இல் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பம், தயாரித்தவர் பீட்டில்ஸின் ஜார்ஜ் மார்ட்டின். அதில் ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்’ என்ற பாட்டு. எழுதியவர் ஸ்டீவி வொண்டர். அதற்கு முந்தைய ஆண்டு சைரீட்டா என்ற பாடகி இதை வார்த்தைகளோடு பாடியிருக்கிறார். பெக் வார்த்தைகளை எடுத்துவிட்டார், பாடுவதை எடுக்கவில்லை.

எப்படி என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். கிட்டார் தந்தியை மீட்டினால் முதலில் ஒரு ‘டிங்’ வரும், பிறகு ஒலி தேய்ந்துகொண்டே போகும். மனிதக் குரல் அப்படி இல்லை. ஒன்றுமில்லாததிலிருந்து மெல்லத் தொடங்கி, நடுவில் பெருத்து, விருப்பப்பட்ட இடத்தில் அடங்கும். பெக் என்ன செய்கிறார் என்றால், கிட்டாரின் வால்யூம் குமிழை மூடிவைத்துக்கொண்டு தந்தியை மீட்டுகிறார், பிறகு சுண்டுவிரலால் குமிழைத் திறக்கிறார். ‘டிங்’ காணாமல் போய்விடுகிறது. வருவது மூச்சு எடுத்துப் பாடுகிற சத்தம். அடுத்து, சுரத்திலிருந்து சுரத்துக்குப் படி ஏறுவதற்குப் பதில், தந்தியை வளைத்து வழுக்கிப் போகிறார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எடுக்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி இது. இந்த வளைவுக்கு ஒலி நீடித்து நிற்க வேண்டும், நடுவழியில் செத்துவிடக் கூடாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் கையில் இருந்தது இரட்டைத் தந்தி மாண்டலின் இல்லை, ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலின். ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும்.

நம்பிக்கை வராதவர்கள், பெக் 2001 ஆல்பத்தில் வாசித்த ‘நாடியா’வைக் கேளுங்கள். பிரிட்டிஷ் இந்தியரான நிதின் சாவ்னியின் பாட்டு அது. மூலத்தில் ஒரு பெண் குரல் இந்துஸ்தானி முறையில் வளைந்து நெளிந்து பாடுகிறது. அந்த நெளிவுகளை ஒன்று விடாமல் மின்கிட்டாரில் கொண்டுவருகிறார் ஒரு லண்டன்காரர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வாத்தியம் பாடுவது என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். ராக் வாத்திய இசை என்று தேடினால் முதலில் வந்து விழுவது வேகம். விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வீடியோக்கள். வேகம் கெட்டதில்லை. 1978இல் எடி வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ வந்தபோது, இரண்டு கைகளாலும் தந்திப் பலகையைத் தட்டி வாசித்த விதம் கிட்டார் உலகத்தையே புரட்டிப் போட்டது. ஆனால் அது 1 நிமிடம் 42 வினாடியில் முடிந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் அதே வேகத்தில் ஆறு நிமிடம் போகிறார்கள், எனக்குக் கொட்டாவி வருகிறது. மாற்று மருந்தாகப் பீட்டர் கிரீனின் ‘ஆல்பட்ராஸ்’ இருக்கிறது, ஃப்ளீட்வுட் மேக் குழு, 1968. விரல் விட்டு எண்ணக்கூடிய சுரங்கள், நடுவில் நிறையக் காற்று. இங்கிலாந்தில் முதலிடம் வந்த பாட்டு அது.

அம்மா கேட்ட ‘ஜெசிகா’வுக்கு வருவோம். ஆல்மன் பிரதர்ஸின் அடையாளமே இரண்டு கிட்டார்கள் ஜோடியாக, ஒரே மெட்டை இரண்டு ஸ்தானங்களில் பாடுவது. 1971இல் டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு பேஸ் கிட்டார்காரர் பெர்ரி ஓக்லியும் அப்படியே போனார். மிஞ்சியிருந்த கிட்டார்காரர் டிக்கி பெட்ஸ் எழுதிய இந்தப் பாட்டு 1973இல் வெளியானது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் மேதை தீ விபத்துக்குப் பிறகு இடது கையின் இரண்டு விரல்களை வைத்தே பெரும்பாலும் வாசித்தவர். அவருக்கு மரியாதையாக, இரண்டு விரலால் வாசிக்கக்கூடிய ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார் பெட்ஸ். அமையவில்லை. அப்போது கைக்குழந்தை ஜெசிகா அறைக்குள் வந்து துள்ளியது. அதன் துள்ளலுக்கு ஏற்றபடி வாசித்துப் பார்த்தார், மெட்டு கிடைத்துவிட்டது. பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல். நடுவில் புதிதாக வந்த சக் லெவெல் பியானோவில் ஒரு நீண்ட பயணம் போகிறார், பிறகு பெட்ஸ் கிட்டாரில். இந்தச் சுற்றல் எல்லாம் முடிந்து அந்தத் துள்ளல் மெட்டு மறுபடி வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் வெளியூர் போய்விட்டு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற சுகம் அதில் சேர்ந்திருக்கும். தலைப்பு ஒரு குழந்தையின் பெயர் என்று தெரிந்தபின் கேட்டால் இன்னும் கொஞ்சம். வாத்தியப் பாட்டில் தலைப்பு மட்டும்தான் வார்த்தை, அதனால் அதற்குச் சம்பளம் அதிகம்.

கடைசியாக, தாளம். கனடாவின் ரஷ் குழு, 1981, ‘ஒய் ஒய் ஸெட்’ (YYZ). டொரோன்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகள் இவை. விமானிகளுக்காக நிலையம் இதை மோர்ஸ் தந்திக் குறியில் ஒலிபரப்பும். ரஷ் அந்தக் குறியையே பாட்டின் தொடக்கத் தாளமாக எடுத்துக்கொண்டது. கோட்டுக்கு இரண்டு எண்ணிக்கை, புள்ளிக்கு ஒன்று என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள்:

தாம் த தாம் தாம்
தாம் த தாம் தாம்
தாம் தாம் த த

ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. இருபதை நான்கு நான்காக ஐந்து அடிகளில் அடக்கினால் பாட்டின் தொடக்கம் கையில் வந்துவிடும். மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு இது கோவையாகவே விழும். விமான நிலையம் ஒன்று தனக்கே தெரியாமல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, ட்ரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் அதை எடுத்துக்கொண்டார். நடுவில் அவரும் பேஸ் வாசிக்கும் கெடி லீயும் மாறி மாறிக் கேள்வி-பதில் வாசிக்கும் இடம் தனி ஆவர்த்தனப் போட்டியேதான். ரஷ் குழுவில் பாடகரும் இந்தக் கெடி லீதான். இந்தப் பாட்டில் அவர் வாயைத் திறப்பதில்லை.

2002 நவம்பரில் ரஷ் குழு பிரேசிலின் ரியோ நகரில், மரக்கானா மைதானத்தில் வாசித்தது. அந்த நிகழ்ச்சியின் பதிவு கிடைக்கிறது. ‘ஒய் ஒய் ஸெட்’ தொடங்கிக் கிட்டார் மெட்டு வந்ததும் பல்லாயிரம் பேர் ஒன்றாகக் குதித்துக்கொண்டு அதைப் பாடுகிறார்கள், ஓ ஓ என்று, சுரம் பிசகாமல்.